நிமிர்த்திய நாற்காலி

நம் வயதுக்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருக்கும் பழைய சாமானை யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்கும் காலத்தில், நான் கடைக்குப் போய் ஒரு பழைய நாற்காலியை வாங்கி வந்தேன். மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். பதின்மூன்று வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். இன்றைக்குச் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இரண்டு, தேக்காவில் ஒன்று என்று மூன்று ரவிக்கைக் கடைகள் என் பெயரில் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய மாதம் என் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்று என்னை முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாண ரவிக்கைகளையும் நான்தான் தைத்தேன்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன். எனக்கு ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் நின்று சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. என் கடைக்கு ஒரு கண்ணாடி அலமாரி தேடிப் போயிருந்தேன். மின்விசிறிகளும் கட்டில் சட்டங்களும் குவிந்து கிடந்ததில், உச்சியில், நாலு காலும் மேலே பார்க்க அது கவிழ்ந்து கிடந்தது. நிமிர்ந்து இருந்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. சின்ன வயதில் ஒரு நாற்காலிக்கு அடியிலேயே கிடந்து விளையாடியவளுக்கு அதன் அடிதானே முகம். கால்கள் மேலே பருத்து, கீழே போகப் போகக் கேரட் மாதிரி மெலிந்து, கொஞ்சம் வெளிப்பக்கமாக விரிந்திருந்தன. கை வைக்கும் சட்டம் படகுத் துடுப்பு மாதிரி வளைந்திருந்தது. உட்காரும் இடத்தில் பலகை கிடையாது. குறுக்கே ரப்பர் பட்டைகள். அதன்மேல்தான் மெத்தை வரும். மெத்தை தொலைந்து போயிருந்தது. பட்டையைத் தொட்டேன், பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. போதாததற்கு யாரோ தவிட்டு நிறப் பெயிண்டை அள்ளி அப்பியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் இருந்த அதே நாற்காலியா என்று கேட்காதீர்கள். அது எரிந்து போனது. எரிந்ததைப் பார்த்தவள் நான். இது அதன் தங்கச்சி.

"அம்மா, இது மிட்-செஞ்சுரி மாடர்ன்மா! இப்ப இதுக்கு எவ்ளோ டிமாண்ட் தெரியுமா? யாராவது ப்ரொஃபஷனல்கிட்ட கொடுத்து ரெஸ்டோர் பண்ணுங்க" என்றாள் மகள்.

"நானே பண்றேன்."

"உங்களுக்கு என்னம்மா தெரியும் மரவேலை?"

"பிளவுஸ் வெட்ட மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வந்தேன்?"

அவள் வாயை அடைத்துவிட்டேன். ஆனால் இதை ஏன் வாங்கினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு பேர் வந்தது. நாற்காலியால் வந்த பேர். அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ நல்ல பேர் வாங்கிவிட்டேன். அந்தப் பழைய பேர் மட்டும் உள்ளே கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. அது உண்மைதானா, நான்தான் கெடுத்தேனா என்று ஒருமுறையாவது சரியாகத் தெரிந்துகொண்டு போய்ச் சேர வேண்டும் என்று இருந்தது.

எங்கள் வீடு அப்போது செம்பவாங்கில். கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவுக்கு அங்கே கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. துருவைச் சுரண்டுவது, சாம்பல் நிறம் அடிப்பது, மறுபடி சுரண்டுவது, மறுபடி அடிப்பது. உங்களில் அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் எல்லார் வீட்டிலும் வாளி சாம்பல் நிறம், ஸ்டூல் சாம்பல் நிறம், சாமி மாடமும் சாம்பல் நிறம். டப்பாவில் மிஞ்சியதை மேஸ்திரி எடுத்துக்கொள்ளச் சொல்வார். முருகனே கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரிதான் எங்கள் வீட்டில் இருந்தார்.

அந்த வருடம் வெள்ளைக்காரர்கள் தளத்தை மூடிவிட்டுப் போகப்போகிறார்கள் என்ற பேச்சு. யாருக்கு வேலை இருக்கும், யாருக்குப் போகும் என்று பெரியவர்கள் குழாயடியில் கூடிக் கூடிப் பேசினார்கள். எங்களுக்கு அது திருவிழா மாதிரி. வெள்ளைக்காரர் வீடுகளிலிருந்து தினமும் ஏதாவது வெளியே வந்தது. ஒருத்தர் வீட்டுக்குப் பியானோ வந்தது; வாசிக்க யாரும் இல்லை, மேலே துணி மடித்து வைத்தார்கள். இன்னொருத்தர் வீட்டுக்கு நாய் வந்தது.

அம்மா ஓர் ஆபீசர் வீட்டில் துணி துவைத்தாள். அந்த வீட்டு வெள்ளைக்கார மிஸ்ஸி ஊருக்குப் போகும்போது கொடுத்ததுதான் நாற்காலி. மேட்டு பங்களாவிலிருந்து எங்கள் வரிசை வரைக்கும் அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாலு கால்களும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, முன்னால் பார்த்தால் கொம்பு முளைத்த மாதிரி. பின்னால் நான் மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மெத்தையில் முகப்பவுடரும் சிகரெட்டும் கலந்த வாசம். கடுகு நிறத் துணி, அதில் சொரசொரவென்று முடிச்சு முடிச்சாக நெசவு. இன்றைக்கு அந்தத் துணி கிடைத்தால் என்ன விலையானாலும் வாங்குவேன். கிடைக்கவில்லை. நான் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது சிங்கப்பூரில் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்குள் வைத்ததும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"மிஸ்ஸி உன்னை நல்லா ஏமாத்திட்டா. பின்னங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு, பாரு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு உட்கார்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள். "ஆமா, ஆளை மல்லாத்துது" என்றார்கள். ஒருத்தர் என் கையிலிருந்த கோலிக்குண்டைப் பிடுங்கிக் கைச்சட்டத்தின் முன்முனையில் வைத்தார். அது விறுவிறுவென்று பின்னால் உருண்டு கீழே விழுந்தது. அவ்வளவுதான். கோலிக்குண்டே சொல்லிவிட்ட பிறகு வேறு சாட்சி எதற்கு?

அப்பா இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கினார். மூன்று விரல் உயரம். பின்கால்களுக்கு அடியில் வைத்து ஆணி அடித்தார். மறுபடி கோலிக்குண்டு. இந்தத் தடவை அது வைத்த இடத்திலேயே நின்றது. கைதட்டினார்கள். பிறகு தேக்கு மரத்தின்மேல் இரண்டு கை சாம்பல் நிறப் பெயிண்ட். "இப்பதான் நாற்காலி மாதிரி இருக்கு" என்றார் அப்பா. உட்கார்ந்தால் முன்னால் வழுக்கியது. காலை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவும் நல்லதுதான் என்றார். பெரியவர்கள் முன்னால் சாய்ந்து கிடக்கக் கூடாது, உட்கார்ந்தவன் நிமிர்ந்து இருக்க வேண்டும் என்றார். யாரும் அதில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வரிசையிலேயே நாற்காலி இருந்த வீடு எங்கள் வீடுதான்.

இதைச் சொல்லிச் சிரிக்கும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தேக்கா கடைக்குப் பின்சந்தில் பேப்பர் விரித்து, ஒரு வாரம் உட்கார்ந்து தவிட்டுப் பெயிண்டைக் கரைத்துச் சுரண்டினேன். மருந்தின் நெடியில் கண் எரிந்தது. பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. ஒரு சாண் அளவு உரித்ததும் தேக்கின் தேன் நிறம் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதலில் முரட்டுத்தாள், பிறகு மெல்லிசுத்தாள். கடைப் பெண்கள் "நாங்க தேய்க்கிறோம்கா" என்று வந்தார்கள். விடவில்லை. எல்லாம் முடித்துச் சமதரையில் நிறுத்திப் பார்த்தால், பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன? "பின்னங்கால் தேஞ்சு போச்சு." அப்பாவின் அதே வார்த்தை.

தூக்கிக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அந்தக் கடைத் தவ்கே, சீன முதலாளி, என்னைவிட மூத்தவர். நானும் அவரும் பாதி மலாய், பாதி இங்கிலீஷில் பேசிக்கொள்வோம்.

"தவ்கே, இந்தப் பின்கால் ரெண்டும் ரொசாக், தேஞ்சு கெட்டுப் போச்சு. கட்டை ஒட்டிக் கொடுங்க."

அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொசாக் இல்ல லா, ஆன்ட்டி. இங்க பாருங்க."

நாலு காலின் அடியிலும் தரையில் உரசாமல் இருக்க அடித்த பித்தளைக் குமிழ்கள் பச்சைபிடித்து அப்படியே இருந்தன. தேய்ந்த காலில் குமிழ் எப்படி இருக்கும்? செய்தவனே அப்படித்தான் செய்திருக்கிறான். பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும் என்றே செய்திருக்கிறான். சீனர் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். என் முதுகு தானாகப் பின்னால் போய்ச் சட்டத்தில் பதிந்தது. தோள் இறங்கியது. அசைந்து பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நாற்காலி அசையவில்லை.

"ரிலாக்ஸ் சேர், ஆன்ட்டி. ரிலாக்ஸ் பண்ணுங்க" என்றார்.

ரிலாக்ஸாவது! நான் துள்ளி எழுந்துவிட்டேன். இதில் ஒருவர் கீழே விழவே முடியாது. அப்படியென்றால் அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் விழுந்தது யாரால்?

அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. தளத்திலேயே ஃபிட்டர் வேலையில் இருந்த ஒருவருக்குக் கேட்டு வந்தார்கள். அவருடைய அப்பா தளத்து ஆபீசில் கிராணி. டைப் அடிக்கிறவர், பெரிய மனிதர். தளத்தை மூடுவதற்குள் கல்யாணம் முடிந்துவிட வேண்டும், வேலை போன வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள் என்று அம்மா தினமும் சாமி மாடத்துக்கு முன்னால் நின்றாள். அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. கோயிலில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது என் தலையில் தாளம் போட்டாள். அதில் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் ஒரு கண்ணாடி, அப்பா உயரத்துக்கு மாட்டியிருந்தது. நுனிக்காலில் எக்கினாலும் எனக்கு மூன்று விரல் எட்டாது; நாற்காலி மெத்தையில் ஏறி நின்றால் அம்மா தோலை உரிப்பாள். பெண் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் என்ன செய்தேன், நாற்காலியின் பின்கால் கட்டை ஒன்றை ஆட்டி ஆட்டிக் கழற்றினேன். அந்தக் கட்டைமேல் ஏறி எக்கி நின்றால் என் முகம் தெரிந்தது. பார்த்து முடித்ததும் கட்டையைக் காலுக்கு அடியில் செருகி வைத்துவிடுவேன். ஆணி இல்லாமல். தினமும் அப்படித்தான். அந்தக் காலத்திலேயே நான் அழகாக இருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் வந்த சாயங்காலம் வீடு முழுக்க நெய் வாசம். கேசரி, வடை, கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சுத் தண்ணீர். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்ததும் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்ப்பவர் மாதிரி அப்பாவைக் கொல்லைப்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அப்பா முகம் கழுவியிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. "உக்காருங்க, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். அவர் கனத்த ஆள். உட்கார்ந்தார். அக்கா தட்டோடு வந்தாள். கேசரியை எடுக்க அவர் பக்கவாட்டில் சாய்ந்தார்.

கட்டை நழுவியது. நாற்காலி ஒரு பக்கமாக நொடித்தது. மனிதர் தட்டையும் இழுத்துக்கொண்டு தரையில் போய்ச் சேர்ந்தார். வெள்ளை வேட்டி முழுக்க ஆரஞ்சுத் தண்ணீர். மூக்கில் ஒரு முந்திரிப் பருப்பு.

நான் சிரித்துவிட்டேன். வீட்டில் வேறு சத்தமே இல்லை. என் சிரிப்பு மட்டும்.

அவர்கள் போனார்கள். இரண்டு நாள் கழித்து அப்பா அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "சகுனம் சரியில்லன்னுட்டாங்க. உட்கார வெச்ச இடத்துல கவுத்துவிட்ட வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம்." பிறகு பெல்ட்டைக் கழற்றினார். வரிசை முழுக்க வாசலுக்கு வந்து பார்க்க, "இவதான் அக்கா வாழ்க்கையக் கவுத்தவ" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அடி ஆறிவிட்டது. பேர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பையன்கள் "கவுத்தவ, கவுத்தவ" என்று கூப்பிட்டார்கள். படிப்பு எனக்கு அதோடு கசந்தது.

நாற்காலியை அப்பா அந்த வாரமே கோடாலியால் பிளந்தார். மூன்று நாள் சோறு அதில்தான் வெந்தது. பெயிண்ட் எரிந்த நாற்றம் சோற்றிலும் ஏறியிருந்தது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள்.

கொஞ்ச மாதத்தில் அப்பாவுக்கு வேலை போனது. வீட்டைக் காலி செய்து தேக்காப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஓர் அறைக்கு வந்தோம். அக்கா தொழிற்சாலைக்குப் போனாள். பிறகு எத்தனையோ இடத்தில் பேச்சு வந்தது, எதுவும் நிற்கவில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. நான் தைத்தேன். தைத்துத் தைத்து மேலே வந்தேன். அக்காவை ராணி மாதிரி வைத்திருக்கிறேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குவீன்ஸ்டவுனில் அவள் இருக்கும் வீட்டுக்கு அலமாரியிலிருந்து அடுப்பு வரை நான் போட்டது. காசிக்கு விமானத்தில் அனுப்பினேன். அவள் கையில் கிடக்கும் வளையல் நான் போட்டது. ஒவ்வொன்றைக் கொடுக்கும்போதும் அவள் முகத்தைப் பார்ப்பேன். இப்போதாவது ஏதாவது சொல்வாளா என்று. வாங்கிக்கொள்வாள், உள்ளே கொண்டுபோய் வைப்பாள், அவ்வளவுதான்.

இப்போது என் கையில் சாட்சி இருந்தது. நாற்காலி சரியாகத்தான் இருந்திருக்கிறது. கட்டை வைத்தது அப்பாவின் தப்பு. தப்பாக வைத்த கட்டையைக் கழற்றியது எப்படித் தப்பாகும்? இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல் இருந்தது. ஆனால் அரைகுறையாகக் கொண்டுபோய் நிறுத்த நான் என்ன வேலை தெரியாதவளா? புது ரப்பர் பட்டை வாங்கி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து மாட்டினேன். மரத்துக்கு எண்ணெய் பூசினேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தடவை. மெத்தையை நானே தைத்தேன். கடுகு நிறம். ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங். ஒரு தையல் கோணவில்லை. அந்த நாள்களில் கடையில் என்னால் உட்கார முடியவில்லை. துணி வெட்டும்போது கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்க மறந்தேன். மகள் போனில் "என்னம்மா, எக்ஸாமுக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கீங்க?" என்றாள்.

கடைப் பையன் நாற்காலியைக் குவீன்ஸ்டவுன் வீட்டு ஹாலில் வைத்துவிட்டுக் கீழே போனான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னாடி இது?"

"நம்ம மிஸ்ஸி நாற்காலி மாதிரியே. நல்லாப் பாரு."

அவள் கைச்சட்டத்தைத் தடவினாள். "நம்மதா? இவ்வளவு அழகாவா இருந்துச்சு அது?"

"உள்ள இருந்திருக்கு. நாமதான் பெயிண்ட் அடிச்சிட்டோம். உட்காரு."

உட்கார்ந்தாள். முதுகு போய்ப் பதிந்தது. "யம்மாடி" என்று கண்ணை மூடினாள்.

"அசைஞ்சு பாரு. நல்லா அசை. விழுறியா?"

"விழல. அதுக்கு?"

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். குமிழ், கட்டை, கோலிக்குண்டு, சீனர் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் சப்ளையரோடு சண்டை போடுவதுபோல விரலை நீட்டி நீட்டிச் சொன்னேன். "கட்டை வெச்சது அப்பா. அவரு விழுந்தது என்னால இல்ல. உன் கல்யாணம் நின்னது என்னால இல்ல, அக்கா."

அவள் மெத்தையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நாற்காலியால நின்னுச்சுன்னு யாருடி உனக்குச் சொன்னா?"

"அப்பா சொன்னாரு. ஊரே சொல்லுச்சு. நீயும்தான் சொன்ன."

"நான் சொல்லல. அவங்க சொன்னப்ப சும்மா இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு உட்காருறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்பாவக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனாருல்ல? நான் சமையல்கட்டுச் சன்னல்கிட்ட கேசரி போட்டுக்கிட்டு நிக்கிறேன். வேலை போறவங்க லிஸ்ட்ட அவருதான் டைப் பண்ணியிருக்காரு. 'மொத லிஸ்ட்லயே உங்க பேரு இருக்கு. வீட்டையும் எடுத்துடுவாங்க. எனக்கு இன்னும் கட்டிக்கொடுக்க ரெண்டு பொண்ணு இருக்கு, தப்பா நெனச்சுக்காதீங்க. வந்தது வந்துட்டோம், சாப்பிட்டுக் கெளம்புறோம்'னாரு."

"அப்பா?"

"குழாயத் தொறந்து மூஞ்சியக் கழுவினாரு. நிமிர்ந்தப்ப சன்னல்ல என்னைப் பார்த்துட்டாரு. வாயில வெரல வெச்சாரு. அம்மாகிட்ட சொல்லாதன்னு. அப்புறம் நீ கவுத்துவிட்ட. அப்பாவுக்கு அது வசதியாப் போச்சு, சகுனம்னு சொல்லிட்டாரு. வேலை போன கடுதாசி கையில வர்ற வரைக்கும் லிஸ்ட் விஷயத்த வீட்டுல மூச்சு விடல."

நான் ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வாங்கிய பெல்ட் அடி, பையன்கள் கூப்பிட்ட பேர், நான் விட்ட பள்ளிக்கூடம். எல்லாம் தெரிந்துகொண்டு ஒருத்தி பக்கத்துப் பாயில் படுத்திருந்திருக்கிறாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"மொதல்ல அப்பா இருந்தாரு. அப்புறம் அம்மா இருந்தாங்க. அவங்களும் போனதுக்கப்புறம் சொல்லலாம்னு பார்த்தா, நீ ஃபிரிட்ஜு வாங்கிட்டு வந்து நிக்கிற. வேணாம்னேன். அழுவுற மாதிரி ஆயிட்ட. சரி, வெச்சுட்டுப் போன்னேன். அப்புறம் நீ நிறுத்தவே இல்லியே."

"அதனால சொல்லலியா?"

"எனக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும்லடி. அப்பா மேல கோவப்பட முடியுமா அந்தக் காலத்துல? அவரு நல்லா இருந்தாரு லா, அந்த மாப்பிள்ள. நீ சின்னப் பிள்ள, தாங்கிக்குவன்னு நெனச்சேன். தாங்கிக்கிட்டல்ல?"

சன்னல் பக்கம் போய் நின்றேன்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். திரும்பினேன். அக்கா இரண்டு கையையும் சட்டத்தில் ஊன்றி எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. தாழ்ந்த நாற்காலி, போதாததற்கு நான் இழுத்துக் கட்டிய பட்டை. ஆளை உள்ளே வாங்கிக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"கை குடுடி. பாத்ரூம் போணும்."

நான் நகரவில்லை.

"அடியே, அவசரம்."

"சொல்லு. கல்யாணம் உன்னால நிக்கலன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. தூக்கி விடுறேன்."

"தூக்கி விடு, சொல்றேன்."

"மொதல்ல சொல்லு."

"உன் புது மெத்த நாறிப்போயிடும்டி!"

"தைச்சவ நான். வேற தைச்சுக்குவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அவசரம் கூடும் வயது. தொடையை இறுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, கண்ணில் தண்ணீரோடு என் முகத்தைப் பார்த்தாள். "உன்னால நிக்கலடி. நீ ஒண்ணுமே பண்ணல. போதுமா? தூக்கு!"

இரண்டு கையையும் கொடுத்து இழுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவு காலம் காத்திருந்த வார்த்தை இப்படியா வர வேண்டும்? பாத்ரூம் அவசரத்தில் சொன்னது செல்லுமா, செல்லாதா? நீங்களே சொல்லுங்கள். செல்லும் என்றால் எனக்கு ஏன் லேசாக இல்லை? செல்லாது என்றால் நான் ஏன் அழுதேன்? அந்த வீட்டில் ஒவ்வொரு சாமானாகப் பார்த்தேன். அலமாரி, அடுப்பு, திரைச்சீலை. எல்லாம் நான் போட்டது. எதற்காகப் போட்டேன் என்று இப்போது தெரியவில்லை. அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினேன்.

உள்ளே தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம். கதவு திறக்கவில்லை.

"போயிட்டியா?"

நான் இன்னொரு செருப்பைக் காலால் துழாவினேன்.

"இனிமே வருவியா, மாட்டியா?"

அவள் அதட்டும் குரல் எனக்குத் தெரியும். கிண்டல் பண்ணும் குரல் தெரியும். இந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக, சாத்திய கதவுக்குப் பக்கத்தில் போனேன்.

"நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போறேன்" என்றேன். "உனக்கு மீன் வாங்கட்டுமா, நண்டு வாங்கட்டுமா?"